உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு

சுழலகம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை
பதிவாளர்: முனைவர் ஹெப்சிபா, நஞ்சுக்கொடி ஆய்வு

வாரம் 30, நாள் 1. காலை 8.00
ஈர்ப்பு: பூமியில் 90 விழுக்காடு
ரத்த அழுத்தம்: 116/72 (உட்கார்ந்த நிலை)
குழந்தையின் இதயத் துடிப்பு: 146

எல்லாம் சீராக இருக்கிறது.

விண்கலம் கிளம்பிவிட்டது. இங்கே பிரசவமான பதினோராவது தாயும் அவளுடைய ஆண் குழந்தையும் தரைக்குப் போகிறார்கள். கூடவே டாக்டர் லியாகத்தும் நர்ஸும். பிறந்த குழந்தை இறங்கும்போது அறுவை மருத்துவர் உடன் போக வேண்டும் என்பது விதி. பத்து நாளில் திரும்புவார்கள். அதுவரை நானும் பன்னிரண்டாவது பெண் மாடத்தியும் மட்டும்.

பின்னால் படிக்கிறவர் புதியவராக இருக்கலாம். அதனால் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். தரை என்பது செவ்வாயில் பனிக்கட்டி வெட்டும் எங்கள் குடியிருப்பு. அங்கே எடை குறைவு. அந்த எடையில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாக வேர்விடுவதில்லை. மேலாகப் பற்றிக்கொண்டு நிற்கிறது. குழந்தைக்கு ரத்தம் போதாமல் போகும்போது தாயின் அழுத்தம் ஏறுகிறது. பிறகு சிறுநீரகம், ஈரல், கடைசியில் வலிப்பு. தரையில் முதல் நான்கு கர்ப்பங்களில் இரண்டு தாய்மார்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுழலகம் கட்டினார்கள். நடுவில் சுழலாத மையம். அதைச் சுற்றிச் சுழலும் நீண்ட கை. கையின் முனையில் வார்டு. சுழற்சி கொடுக்கும் எடையில் பெண்கள் மூன்றாம் மாதம் முதல் இங்கே இருக்கிறார்கள். இங்கே தேதியைக் கர்ப்ப வாரத்தில்தான் எழுதுவோம். வேறு நாட்காட்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் மருத்துவர் அல்ல. பிரசவம் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் பின் வருவதை வாங்கிக் கழுவி, எடைபோட்டு, வெட்டிப் பார்ப்பவள். அதற்கு முன் பதினைந்து வருடம் எலிகளோடு. மாடத்தி என்னை எலி டாக்டர் என்கிறாள். அவள் தரையில் துளைப்பொறி ஓட்டுகிறவள், தூத்துக்குடிக்காரி. நான் நாகர்கோவில் என்றதும், அப்படியென்றால் பேச்சு புரியும், கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும் என்றாள்.

நேற்று அவளுக்கு வளைகாப்பு. அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் செவ்வாய் மணலை உலையில் உருக்கி வளையல் செய்து அனுப்பியிருந்தார்கள். பச்சையும் பழுப்புமாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. லியாகத் சந்தனம் பூசினார். நான் அடுக்கினேன். பாக்கெட் புளிசாதம் பிரித்து ஐந்து பேரும் சாப்பிட்டோம். பிரசவம் வரை வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மணிக்கட்டில் இடமில்லை. அதனால் அழுத்தமானிப் பட்டையைக் கணுக்காலுக்கு மாற்றினேன்.

தொழில்நுட்பக் குறிப்பு: உட்கார்ந்திருக்கும்போது காலில் எடுத்தால் இதயத்திலிருந்து கால்வரை நிற்கும் ரத்தத்தின் எடையும் சேர்ந்து அளவு கூடுதலாக வரும். அந்தக் கூடுதலை நிரலில் கழித்துவிட்டேன். கையில் எடுத்து ஒப்பிட்டேன். பொருந்துகிறது. பதினோரு பெண்களுக்கும் உட்கார்ந்த நிலை அளவையே பதிந்திருக்கிறோம். படுத்திருக்கும்போது வருவதைக் கருவி தள்ளிவிடும்.


வாரம் 31, நாள் 3. காலை 8.15
ஈர்ப்பு: 70
ரத்த அழுத்தம்: 114/68
குழந்தை: 142

தரையில் புழுதிப் புயல். விண்கலம் ஏற முடியாது. லியாகத் வருவது தள்ளிப்போகிறது.

மையத்தையும் கையையும் இணைக்கும் பேரிங் சூடாகிறது. கிரீஸ் போதுமான அளவு போகவில்லை. உதிரிபாகம் விண்கலத்தில் வர வேண்டியது. சூடு குறையச் சுழற்சியைக் குறைத்திருக்கிறேன். செய்யும் முன் லியாகத்தைக் கேட்டேன். தரையில் சூரியத் தகடுகளைப் புழுதி மூடிவிட்டதால் மின்சாரம் அளந்துதான். நாங்கள் அவர்கள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் பேசலாம்.

லியாகத்: "எழுபது போதும் ஹெப்சி மேடம். இங்க கீழ இருக்கிறதவிட ரெண்டு மடங்குக்கிட்ட இருக்கு. நீங்க பேரிங்கைக் காப்பாத்துங்க, மத்தத நான் வந்து பாத்துக்கறேன். இந்தப் புழுதி மட்டும் அடங்கட்டும்."

எடை குறைந்ததும் மாடத்திக்குச் சந்தோஷம். இடுப்பு வலி போய்விட்டதாம். வார்டில் நடந்துகொண்டே இருக்கிறாள், வளையல் சலசலக்க. சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்கிறாள். கேட்கும் என்றேன். அது உண்மைதான்.


வாரம் 32, நாள் 2. மாலை 4.40
ஈர்ப்பு: 55
ரத்த அழுத்தம்: 118/68
குழந்தை: 138

பேரிங் மறுபடி சூடு. மறுபடி குறைத்தேன்.

மாடத்தியின் அளவுகள் ஆச்சரியமாக இருக்கின்றன. இந்த வாரத்தில் மற்றப் பதினோரு பேருக்கும் மெல்ல ஏற ஆரம்பித்தது. இவளுக்கு அசையவில்லை. ஈர்ப்பு குறைந்தும் நஞ்சுக்கொடி தாங்குகிறது என்றால், ஆழமாக வேர்விட்ட பிறகு எடை அவ்வளவு முக்கியமில்லை என்று பொருள். அப்படியானால் பெண்கள் ஆறு மாதம் இங்கே அடைந்து கிடக்க வேண்டாம். மத்தியானம் முழுக்க இதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மகிழ்ச்சி.

தலைவலி என்கிறாள். சுழற்சி மாறும்போது எனக்கும் வருகிறது. மாத்திரை கொடுத்தேன்.

இரண்டு நாளாக வார்டில் சத்தம் இல்லை. அமைதியாக இருக்கிறாள். நல்லது.


வாரம் 32, நாள் 4. காலை 11.20
ஈர்ப்பு: 45
ரத்த அழுத்தம்: 128/74
குழந்தை: 136

காலை முழுக்க மையத்தில், பேரிங் பக்கத்தில் இருந்தேன். மாடத்தி இன்டர்காமில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பேச ஆள் இல்லாத சலிப்பு என்று நினைக்கிறேன்.

அவள் கணவன் பெயர் ஐகோர்ட் ராஜா. தாத்தா காலத்தில் ஏதோ நிலவழக்கில் ஜெயித்து வீட்டுக்குள் வந்த பெயராம். தரையில் குழாய் வேலை. இன்று தொடர்பு நேரத்தில் அவனுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.

ஐகோர்ட் ராஜா: "ஏட்டி, சாப்டியா? குரலு ஏன் தூக்கத்துல பேசுத மாதிரி இருக்கு?"

மாடத்தி: "மண்ட இடிக்கி. நீ பேசுனா இன்னும் இடிக்கி."

ஐகோர்ட் ராஜா: "மேடம், இவ வலின்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டா. காலு மேல துளைப்பொறி விழுந்தப்பவே சொல்லல. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

அழுத்தம் சரியாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன். மாடத்தி, எங்க வீட்டு ஐகோர்ட்டு தீர்ப்பு சொல்லியாச்சு என்று சிரித்தாள்.


வாரம் 32, நாள் 5. காலை 9.30
ஈர்ப்பு: 45
ரத்த அழுத்தம்: கருவி 136/78. கையில் 166/108.

மேலே இருப்பது தட்டச்சுப் பிழை அல்ல.

காலையில் கண்ணுக்கு முன்னால் வெல்டிங் பொறி பறக்கிறது என்றாள். 136 அழுத்தத்தில் அது வரக் கூடாது. அலமாரியில் கிடந்த பழைய பம்ப் அழுத்தமானியை எடுத்து மேல்கையில் கட்டினேன். மூன்று முறை எடுத்தேன். 166, 168, 166.

நான் கழித்த எண் தொண்ணூறு விழுக்காடு ஈர்ப்புக்கு உரியது. வளைகாப்பு அன்று நிரலில் தட்டியது. பிறகு சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். காலில் சேரும் ரத்தத்தின் எடை பாதியாகிவிட்டது. நிரல் மட்டும் பழைய எடையையே கழித்துக்கொண்டிருந்தது. நான் சுழற்சியைக் குறைத்த ஒவ்வொரு முறையும் அவளுடைய ஏற்றத்தை நானே மறைத்திருக்கிறேன். படுத்த நிலையில் எடுத்த அளவுகள் உண்மையைச் சொல்லியிருக்கும். அவற்றைக் கருவி தள்ளிவிட்டது. தள்ளச் சொன்னதும் எங்கள் நெறிதான்.

குறைந்தது ஒரு வாரமாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

வளையல் சத்தம் நின்றது அமைதியால் அல்ல. கை வீங்கிவிட்டது. வளையல்கள் சதையில் பதிந்து அசைய இடமில்லாமல் நிற்கின்றன. தினமும் அந்தக் கையைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்ததால் கையைப் பார்க்கவில்லை.

இந்தத் தரவை யாராவது பயன்படுத்துவதாக இருந்தால்: வாரம் 31, நாள் 3 முதல் மாடத்தியின் அழுத்தம் எல்லாம் பொய். நான் வரைந்த வரைபடத்தை அழித்துவிட்டேன்.


வாரம் 32, நாள் 5. மதியம் 1.10
ஈர்ப்பு: 45
ரத்த அழுத்தம் (கை): 172/110
தட்டணுக்கள்: 81,000

எல்லாவற்றையும் லியாகத்திடம் சொன்னேன். அவர் உடனே பேசினார். என் தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்துகளின் பெயர், அளவு, எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மட்டும்.

அழுத்தத்துக்கு ஊசி போட்டாயிற்று. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் ஏறிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு. இவை எதுவும் நோயைத் தீர்க்காது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இந்த நோய் தீரும்.

லியாகத்: "அறுவை உங்களால முடியாது. ரேடியோவுல சொல்லிக்குடுக்க என்னாலயும் முடியாது. வலி வரவைப்போம். ஸ்டீராய்டு வேலை செய்ய ஒரு நாள் குடுங்க, நாளைக்குக் காலைல மாத்திரை வைங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: சுழற்சி நிக்கக் கூடாது. ஏழாவது கேஸ் ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. அழுத்தம் ஏறியிருந்த ஏழாவது பெண்ணை விண்கலத்தில் ஏற்றுவதற்காக எடையில்லாத மையத்துக்குக் கொண்டுவந்தோம். எடை போனதும் உடலின் நீரெல்லாம் தலைக்கு ஏறியது. மையத்திலேயே வலிப்பு. கண் விழிக்கவில்லை. என் கட்டுரையில் அவள் ஒரு புள்ளி.

மாடத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது. நிரலில் நடந்த தவறு என்று சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, நான் செய்த தவறு என்றே சொன்னேன். கேட்டுவிட்டு, வளையலைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்குமா என்றாள். நான் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது எண்ணை மாற்றியிருக்க வேண்டும், இரண்டுமே என் வேலை என்றேன். வளையலைக் கழற்றச் சோப்பு கேட்டாள். ஒன்றுகூட வரவில்லை. உடைத்தால் வெட்டும்; ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்த உடம்பில் சிறு வெட்டும் கூடாது. அப்படியே விட்டோம்.

பிறகு, உயிருக்கு ஆபத்தா என்று கேட்டாள். இருவருக்கும் என்றேன். சரி, இனிமேல் எனக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது, கணக்கு வந்தால் என்னிடமும் காட்டுங்கள் என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.


வாரம் 32, நாள் 6. மாலை 5.00
ஈர்ப்பு: 45
ரத்த அழுத்தம் (கை): 164/104
தட்டணுக்கள்: 62,000
குழந்தை: 128

காலையில் மாத்திரை வைத்தேன். மதியத்திலிருந்து வலி வருகிறது, ஒழுங்கில்லாமல்.

பேரிங் ஒரே சூட்டில் நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தரையில் காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. நாளை மாலை விண்கலம் கிளம்பலாம் என்கிறார்கள். லியாகத், ரத்தம், தட்டணு எல்லாம் அதில் வரும்.

ஐகோர்ட் ராஜாவுக்கு இன்று இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

ஐகோர்ட் ராஜா: "மேடம், பிள்ளை எப்படின்னாலும் பரவால்ல. இவள மட்டும் அனுப்பிருங்க."

மாடத்தி: "கேட்டியளாக்கா, ஒரு தகப்பன் பேசுத பேச்ச? ஏய், உன் பிள்ளைக்கு எல்லாம் கேக்கும். பெறகு உன்கிட்ட வராது பாத்துக்க."

அவன் அழுதான். இவள் அழவில்லை. தொடர்பு அறுந்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகைத் தடவிவிட்டேன். நான் யாருக்கும் அப்படித் தடவியதில்லை. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. அவளே சொன்னாள், இன்னும் கொஞ்சம் கீழே என்று.

நஞ்சுக்கொடியைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்பில் பாதி தாயும் பாதி பிள்ளையுமாகச் சேர்ந்து கட்டும் ஒரே உறுப்பு அது. பிரசவம் முடிந்ததும் இருவருக்குமே வேண்டாததாகிவிடும். அப்புறம் உங்களுக்கு வந்துவிடும், அப்படித்தானே என்றாள்.


வாரம் 32, நாள் 7. காலை 10.50
குரல் பதிவு. மையம்.

எழுத முடியாது. இரண்டு கையும் பம்பில்.

கிரீஸ் தள்ளும் மோட்டார் எரிந்துவிட்டது. கைப்பம்பால் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் சில நிமிடத்தில் சூடு சிவப்புக்கோட்டைத் தாண்டும். தானியங்கிப் பிரேக் சுழற்சியை நிறுத்திவிடும். அதை அணைக்க வழியில்லை. அணைத்தாலும் பேரிங் இறுகி, வார்டைத் தாங்கும் கை முறிந்துபோகும்.

மாடத்தி வார்டில் தனியாக இருக்கிறாள். கடைசியாகப் பார்த்தபோது கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மெக்னீசியம் ஏறுகிறது. ஊசிகளை மருந்து ஏற்றி, நிறம் ஒட்டி, வலது கைப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை பிறந்ததும் சிவப்பு. ரத்தம் நிற்காவிட்டால் மஞ்சள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தேன்.

இங்கே இருந்தால் அவளுக்கு எடை இருக்கும், நான் இருக்க மாட்டேன். அங்கே போனால் நான் இருப்பேன், எடை இருக்காது. இன்டர்காம் திறந்திருக்கிறது. பதிவு தானாக எழுதுகிறது.

மாடத்தி: "அக்கா, அங்கதான இருக்கிய?"

"இங்கதான். எல்லாம் கேக்குது. மூச்ச மெதுவா விடு."

மாடத்தி: "நீங்க எத்தன பெத்திய, மூச்சு விடச் சொல்லுததுக்கு."

"ஒண்ணும் இல்ல. புத்தகத்துல இருக்கு."

மாடத்தி: "எலியெல்லாம் எத்தன குட்டி போடும்?"

"எட்டு. பத்து."

மாடத்தி: "கத்துமா?"

"கத்தாது."

மாடத்தி: "அப்ப நீங்க இதக் கேட்டதே இல்ல. நல்லாக் கேட்டுக்கிடுங்க."

கேட்டேன்.


வாரம் 32, நாள் 7. மதியம் 12.35
குரல் பதிவு. மையம்.

பம்ப் அடிக்கிறேன். தோள் போய்விட்டது. சூடு கோட்டுக்குக் கீழே.

மாடத்தி: "தலை கையில தட்டுது."

"இழுக்காத. தாங்கிப் பிடி. அடுத்த வலிக்கு மெல்ல முக்கு."

மாடத்தி: "வளையலு எதுலயும் மாட்டாம இருக்கணும்."

"மாட்டாது. மெல்ல."

பிறகு வார்த்தை இல்லாத சத்தம், நெடுநேரம். பம்ப் அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு வேறு ஒரு குரல். மெலிசாக, கோபமாக. நான் ஒலிப்பானில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

மாடத்தி: "பொம்பளப் பிள்ளக்கா. கறுத்து இருக்கா. என்ன மாதிரி."

"சிவப்பு ஊசி. தொடையில. இப்பவே."

மாடத்தி: "போட்டாச்சு. நஞ்சும் வந்திட்டு. உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்."

சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மூன்று நிமிடம் நான் வாழ்க்கையில் எதையும் வேண்டாமல் இருந்தேன்.

மாடத்தி: "அக்கா, மெத்த நனையுது."

"எவ்வளவு?"

மாடத்தி: "நிக்கல. சுடுது."

"மஞ்சள் ஊசி. போட்டுட்டு அடிவயித்த நல்லா அமுக்கித் தேய். வலிக்க வலிக்கத் தேய்."

மாடத்தி: "தேய்க்கேன். கையில வலு இல்ல."

"நான் வர்றேன்."

மாடத்தி: "வராதிய. நீங்க வந்தா சுத்து நின்னுரும். பிள்ள பறந்திரும்லா."

"துண்டால உன் நெஞ்சோட சேத்துக் கட்டு. கட்டிட்டியா? மாடத்தி."

மாடத்தி: "கட்டிட்டேன். வராதிய. பிடிச்சிக்கிட்டே இருங்க."

"மாடத்தி."

பிள்ளையின் குரல் மட்டும்.

ஏழாவது பெண். தெரியும். பிரசவம் ஆகிவிட்டது, மெக்னீசியம் ஏறியிருக்கிறது, இவளுக்கு வலிப்பு வராமல் போகலாம். ரத்தம் இப்படியே வடிந்தால் பிழைக்க வழியே கிடையாது. கணக்கு வந்தால் காட்டச் சொன்னாள். காட்ட நேரமில்லை.

பம்பை விடுகிறேன். இறங்குகிறேன்.


வாரம் 32, நாள் 7. பிற்பகல் 2.20
குரல் பதிவு. வார்டு.

சுழற்சி நின்றுவிட்டது. எடை இல்லை.

நான் ஏணியில் பாதி வழியில் இருந்தபோது பிரேக் விழுந்தது. மீதியை மிதந்து வந்தேன். வார்டுக் காற்றில் ரத்தம் உருண்டை உருண்டையாக. சில உருண்டைகள் என் முகத்தில் மோதி விரிந்தன. காற்றிழுப்பான் மற்றவற்றை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறது.

குழந்தை கட்டியபடியே இருந்தது. நன்றாகக் கட்டியிருந்தாள். தொப்புள்கொடியைக் கட்டி வெட்டினேன். இப்போது என் சட்டைக்குள் இருக்கிறது. சூடாக இருக்கிறது. மூச்சு வேகம், ஆனால் நிற்கவில்லை.

நஞ்சுக்கொடியைப் பார்த்தேன். முழுதாக வந்திருக்கிறது. எதுவும் உள்ளே தங்கவில்லை. அதைப் பார்க்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கருப்பை சுருங்கவில்லை. ரத்தத்தை அடைக்கும் பலூனை உள்ளே வைத்தேன், நிற்கவில்லை. ரத்தம் உறையவில்லை, தண்ணீரைப்போல வருகிறது. வலது கையை முஷ்டியாக்கி உள்ளே வைத்து, இடது கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, நடுவில் கருப்பையைப் பிடித்திருக்கிறேன். பிடித்திருக்கும்வரை வடிவதில்லை. கொஞ்சம் தளர்த்தினால் வருகிறது. என் கால்களைக் கட்டிலோடு பட்டையால் கட்டியிருக்கிறேன்.

வலிப்பு வரவில்லை. ஒருமுறை கண் திறந்தாள். வந்துட்டியளா என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூடிக்கொண்டாள்.

லியாகத்: "கேளுங்க. கைய எடுக்காதீங்க. எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீங்க. அவ ரத்தத்துக்கு உறையிற சக்தி இல்ல. உங்க கைதான் இப்ப தையல். அஞ்சு மணிக்குக் கிளம்புறோம். உங்ககிட்ட வந்து சேர ஒன்பது ஆகும்."

"அதுவரைக்கும் முடியாது."

லியாகத்: "முடியும் ஹெப்சி மேடம்."

அவருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.


வாரம் 32, நாள் 7. மாலை 5.40
குரல் பதிவு. வார்டு.

கிளம்பிவிட்டார்கள். ஐகோர்ட் ராஜாவையும் ஏற்றிக்கொண்டார்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று.

ஐகோர்ட் ராஜா: "ஏட்டி, கேக்கா? வந்துக்கிட்டே இருக்கேன். பிள்ளை மூக்கு உங்க அப்பா மூக்கா, எங்க அப்பா மூக்கா? மேடம், அவ ஏன் பேச மாட்டேங்கா?"

தூங்குகிறாள் என்றேன். பிள்ளை அழகாக இருக்கிறாள் என்றேன். மூக்கு இன்னும் யாருடையதும் இல்லை என்றேன். சிரித்தான்.

மாடத்தியின் கண் பாதி திறந்திருக்கிறது. கண்ணீர் விழாமல் கண்ணிலேயே உருண்டு நிற்கிறது. எடை இல்லாததால். அழுகிறாளா, வெறும் நீரா, தெரியவில்லை.

விரல்கள் மரத்துவிட்டன. வலது கை இருப்பது தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் இடது கை இறுக்கமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறேன். வலது கை கண்ணுக்கும் தெரியாது.

உதடு வெளுத்திருக்கிறது. மூச்சு, எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இடது உள்ளங்கைக்குக் கீழே துடிப்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


வாரம் 32, நாள் 7. இரவு 7.
குரல். வார்டு.

குழந்தை என் கழுத்தில் வாயை வைத்துத் தேடுகிறது. கொடுக்க ஒன்றும் இல்லை. கை இல்லை. தேடு. தேடிக்கொண்டே இரு.

மாடத்தி. ஒன்பது மணிக்கு வந்துவிடுவார்கள். கணக்கைக் காட்டச் சொன்னாய். இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

உதட்டுக்குப் பக்கத்தில் காதை வைக்கப் பார்த்தேன். எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் கை நகரும்.

முதலில் உள்ளங்கையில் இரண்டு துடிப்பு தெரிந்தது. ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும் என் விரலுடையது. ஒன்று அவளுடையது, வேகமாக, மெலிசாக. தனித்தனியாகத் தெரிந்தது. எண்ண முடிந்தது.

இப்போது ஒன்றுதான்.

லியாகத்: "நாடி இருக்கா? ஹெப்சி மேடம், நாடி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

இருக்கிறது என்றேன்.

துடிக்கிறது. பொய் சொல்லவில்லை. யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

கையை எடுத்தால் தெரிந்துவிடும்.

எடுக்க மாட்டேன்.

லியாகத்: "நல்லது. அப்படியே பிடிங்க."

பிடித்திருக்கிறேன்